அவள் வரைந்த எழுத்துகள்

அச்சகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. முதலாளியிலிருந்து தாள் அடுக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவர் 'கன்வெர்ட்டர் அண்ணன்'. பழைய கணினிகளில் பக்கம் கோத்த காலத்துக் கோப்புகளை, இன்றைய இயந்திரம் அச்சடிக்கும்படி பி.டி.எஃப். ஆக மாற்றித் தருவது அவர் வேலை. ஏதோ ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு டீ குடிக்கிற வேலை என்று முதலாளி நினைத்திருந்தார். அவர் கொடுத்த சம்பளத்திலேயே அது தெரியும்.

அந்தக் கோப்புகளின் குணத்தைச் சொல்லிவிட வேண்டும். அவற்றுக்குள் எழுத்தின் வடிவம் இருக்காது. இந்த இடத்தில், இந்த ஃபான்ட்டில், இந்த எழுத்து வரட்டும் என்ற கட்டளை மட்டும்தான் இருக்கும். வடிவங்களெல்லாம் வேறொரு ஃபோல்டரில் புள்ளிப் படங்களாகக் கிடக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பக்கம்.

அண்ணனின் மனைவியும் அதே அறையில்தான் பக்கம் கோத்தாள். எதிரெதிர் மேசை, பார்த்துப் பார்த்தே கல்யாணத்தில் முடிந்தது. ஒரு சமயம் குழந்தைகளுக்கான வாசிப்புப் புத்தகம் ஒன்று வேலைக்கு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் மேலே ஒரு வரி பெரிய எழுத்தில் வர வேண்டும். இருந்த ஃபான்ட் எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. "இதெல்லாம் ஆபீஸ் எழுத்து. பிள்ளைங்க பயந்துடும்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு இடைவேளைகளில் திரையில் ஒவ்வொரு புள்ளியாக வைத்துத் தானே வரைந்தாள். வயிறு கொஞ்சம் தள்ளி, வால் கொஞ்சம் நீண்டு, பார்த்தாலே சிரிப்பு வரும் எழுத்துகள். புத்தகம் போட வந்தவர் கடைசியில் கையை விரித்துவிட்டார். மெய்ப்புத் தாள்களும் அவரோடு போயின. மிஞ்சியது கோப்பு ஒன்றுதான்.

போன மழைக்காலத்தில் அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். சில மாதம் கழித்து மகள் வந்து கேட்டாள்.

"அப்பா, பாப்பா இப்பதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறா. அம்மா பண்ண அந்தப் புத்தகத்த ஒரே ஒரு பிரதி எடுத்துத் தர்றீங்களா? அம்மா கைபட்டதுன்னு அவகிட்ட காட்ட வீட்ல வேற ஒண்ணும் இல்லப்பா."

"அதென்னம்மா பெரிய விஷயம். ஊரான் கோப்பையெல்லாம் மாத்துறேன், நம்ம வீட்டுக் கோப்ப மாத்த மாட்டேனா? சாயங்காலம் வந்து வாங்கிக்கோ" என்றார். அன்று அவர் குரலில் கொஞ்சம் மிடுக்குகூட இருந்தது.

கோப்பைக் கொடுத்து ஓடவிட்டார். கீழே கதை வரிகள் பிசகாமல் வந்தன. மேலே பெரிய எழுத்து வர வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. அடுத்த பக்கமும் அப்படியே. ஃபான்ட் கிடைக்கவில்லை என்று திரை சொன்னது. எந்த எழுத்துக்கு எத்தனை அகலம் என்ற அளவுக் கோப்பு மட்டும் பத்திரமாக இருந்ததால், அவளுடைய ஒவ்வோர் எழுத்துக்கும் சரியான இடம் விட்டிருந்தது இயந்திரம்.

பழைய டிஸ்குகளையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தார். பாதியில் ஏதோ நினைவு வந்து தேடுவதை நிறுத்தினார். அந்தக் காலத்து டிஸ்கில் இடம் பற்றாது. நிரம்பினால் புள்ளிப் படங்களை அழித்துவிடுவது அந்த அறை வழக்கம். அதில் நஷ்டம் இல்லை. ஒவ்வொரு ஃபான்ட்டுக்கும் அதை வரையும் குறிப்பு தனியாக இருக்கும். வேண்டும்போது இயந்திரமே மறுபடி வரைந்துகொள்ளும். ஆனால் அவள் நேராகப் புள்ளி வைத்தவள். அவள் எழுத்துக்குக் குறிப்பும் இல்லை, நகலும் இல்லை. மற்றதோடு சேர்த்து அதையும் கூட்டிப் பெருக்கித் தள்ளியது அவர் கைதான். அப்போது பாட்டுகூட முணுமுணுத்திருப்பார், பாவி மனிதர்.

அந்தப் பக்கம் வந்த முதலாளி எட்டிப் பார்த்தார். "வேற ஃபான்ட் போட்டு நிரப்பிட்டுப் போங்கண்ணே. சின்னப் புள்ளைக்கு என்ன தெரியப் போவுது."

போட்டுத்தான் பார்த்தார். அவள் எழுத்துக்கு விட்ட இடத்தில் வேறு எழுத்து பொருந்தாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றது. பார்க்கவே பிடிக்காமல் எடுத்துவிட்டார்.

சாயங்காலம் மகள் வந்தாள். தாள்களை அவள் கையில் கொடுத்துவிட்டு, வாயில் வந்தபடி சொன்னார். "நான்தாம்மா அழிச்சேன். திரும்பி வரும்னு நெனச்சு அழிச்சுட்டேன்."

மகள் வெள்ளை இடத்தை விரலால் தடவினாள். அதிர்ச்சி அடைந்தவளாகத் தெரியவில்லை.

"தெரியும்பா. எங்கயாவது ஒரு நகல் தப்பிச்சிருக்காதான்னுதான் கேட்டேன்."

"எப்படித் தெரியும்?"

"நீங்க அழிச்ச மறுநாளே அம்மா பாத்துட்டாங்க. வீட்டுக்கு வந்து அடுப்படியில உக்காந்து அழுதாங்க. அப்பாகிட்ட மூச்சு விடாதே, தெரிஞ்சா மனுஷன் ஒடஞ்சு போயிடுவாருன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் மனைவி ஒரு புள்ளிகூட வைக்கவில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லி வருஷக்கணக்கில் கேலி செய்தவரே அவர்தான். "இவ எழுத்து வரைஞ்ச கத தெரியுமா? எல்லாம் ஆரம்பசூரத்தனம். ஒரு புத்தகத்தோட ஏறக்கட்டிட்டா." ஒருமுறைகூட அவள் மறுத்துப் பேசியதில்லை. தட்டில் பலகாரம் வைத்துக்கொண்டே, வந்தவர்களோடு சேர்ந்து அவளும் சிரித்தாள்.