கேடயம் கேட்ட ரங்கநாயகி

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பம்புசெட் கம்பெனியில் ரங்கநாயகி டெஸ்பாட்ச் பார்க்கிறாள். வயது நாற்பத்தொன்று. பதினோரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கு வந்து நிற்கும் லாரிக்காரர்கள் அவள் முகத்தைப் பார்க்கவே பயப்படுவார்கள். ஒரு மோட்டார் பெட்டி தலைகீழாக அடுக்கியிருந்தால் போதும், மொத்த லோடையும் இறக்கி மறுபடி ஏற்றச் சொல்வாள். அப்பேர்ப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை மதியம் காதில் ஹெட்செட்டை மாட்டியதும் வாயில்லாப் பூச்சி ஆகிவிடுவாள். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

மூன்று வருஷமாக அவள் ஓர் ஆன்லைன் விளையாட்டு ஆடுகிறாள். ஐந்து பேர் சேர்ந்து ஒரு குகைக்குள் போய் அரக்கனை வீழ்த்த வேண்டும். மூன்று பேர் வாள் வீசுவார்கள். ஒருவர் கேடயத்தோடு முன்னால் நின்று அத்தனை அடியையும் வாங்கிக்கொள்வார். அவருக்கு டாங்க் என்று பெயர். இன்னொருவர் எல்லாருக்கும் பின்னால் நின்று, அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றிக்கொண்டே இருப்பார், அவர் ஹீலர். ரங்கநாயகி ஹீலர். அவளாகக் கேட்டு வாங்கிய வேலை இல்லை. குழுவில் சேர்ந்த முதல் நாளே தலைவர் மனோஜ்குமார், "அக்கா, நீங்க ஹீல் பாத்துக்கறீங்களா?" என்றார். இவள் "சரிங்க" என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

மனோஜ்குமார் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ரங்கநாயகியைவிட ஏழெட்டு வயது சின்னவர். குரலை உயர்த்தியதே இல்லை. ஆனால் எதையும் தனியாகக் கேட்க மாட்டார். ஐந்து பேரும் மைக்கில் இருக்கும்போதுதான் கேட்பார். நாலு பேர் முன்னால் ஒருவர் மரியாதையாகக் கேட்டுவிட்டால், எங்கள் பக்கத்தில் யாருக்கு முடியாது என்று சொல்ல வாய் வரும்? இது தெரிந்துதான் அப்படிச் செய்தாரா, பழக்கத்தில் செய்தாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

ஹீலர் வேலையில் உள்ள கொடுமை வேடிக்கை பார்ப்பவர்களுக்குத் தெரியாது. திரையின் ஓரத்தில் ஐந்து பச்சைக் கோடுகள் இருக்கும். யாருடைய கோடு குறைகிறதோ அவருக்கு உயிர் ஏற்ற வேண்டும். கண்ணை அங்கே இங்கே திருப்ப முடியாது. மூன்று வருஷத்தில் ரங்கநாயகி பார்த்ததெல்லாம் அந்தக் கோடுகளையும் நாலு பேரின் முதுகையும்தான். அரக்கனின் முகம் எப்படி இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஒரு தடவையாவது முன்னால் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இதில் என்ன தப்பு?

விளையாட்டில் வேலை மாறுவது சுலபம்தான். ஒரு பொத்தானை அழுத்தினால் ஹீலர் டாங்க் ஆகிவிடலாம். ஆனால் மேலே போட்டிருக்கும் கியர், அதாவது உடுப்பும் ஆயுதமும், மாறாது. ஹீலரின் அங்கியும் கைத்தடியும் மந்திர சக்தியைக் கூட்டும். அதைப் போட்டுக்கொண்டு அரக்கன் முன்னால் போனால் இரண்டே அடியில் சாவு. டாங்க் ஆக வேண்டுமானால் இரும்புக் கவசமும் கேடயமும் வேண்டும். அதில் நல்ல ரகம் அரக்கன் செத்தால்தான் கிடைக்கும், அதுவும் தடவைக்கு ஒன்றோ இரண்டோ. யாருக்கு எது முதல் வேலையோ அந்த வேலைக்கான கியர் அவருக்கே என்பது மனோஜ்குமார் போட்ட சட்டம். டாங்க் ஆகக் கியர் வேண்டும். கியர் கிடைக்க முதலிலேயே டாங்க்காக இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தை எந்த ஊரில் நியாயம் என்பார்கள்?

ஆனாலும் அவள் விடவில்லை. யாருக்கும் வேண்டாமென்று கழித்துப் போட்டவற்றை ஒரு வருஷமாக ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தாள். நெளிந்த தலைக்கவசம், ஒரு மார்புக் கவசம், சோடி சேராத கையுறை. கேடயம் மட்டும் அகப்படவில்லை. கம்பெனி பஸ்ஸில் போகும்போது, டாங்க் ஆடுபவர்கள் சொல்லும் விளக்கங்களைப் போனில் கேட்டு, எந்த அரக்கன் எப்போது என்ன செய்யும் என்று பேக்கிங் ஸ்லிப்புகளின் பின்பக்கத்தில் குறித்து வைத்தாள்.

குழுவின் டாங்க்காக இருந்த உதய்க்கு ஓசூரில் வேலை கிடைத்தது. இனி வர முடியாது என்று சொல்லிவிட்டான். ரங்கநாயகி மனதைத் திடப்படுத்திக்கொண்டு மனோஜ்குமாருக்குத் தனியாக மெசேஜ் போட்டாள். "தாராளமாங்க அக்கா. அடுத்த கேடயம் உங்களுக்குத்தானுங்க" என்று பதில் வந்தது. அன்றைக்கு லாரிக்காரர்கள்கூடத் திட்டு வாங்காமல் தப்பித்தார்கள்.

அடுத்த மூன்று வாரம் வெளியாள் டாங்க்கைப் பிடித்து ஓட்டினார்கள். நாலாவது ஞாயிறு கேடயம் விழுந்தது. அந்த வாரம்தான் மனோஜ்குமாரின் மனைவியின் தம்பி அபிலாஷ் குழுவில் சேர்ந்திருந்தான். எல்லாரும் மைக்கில் இருந்தார்கள்.

"அக்கா, அபிலாஷுக்கு மெயின் ரோலே டாங்க் தானுங்க. உங்ககிட்ட ஹீலர் கியர் முழுசா இருக்குதுங்க, மூணு வருஷத்துக் கியர். அதை மூட்டை கட்டி வெச்சுப்போட்டு நீங்க முன்னால வந்தா டீமுக்குத்தானுங்க நட்டம். கேடயத்தைத் தம்பிக்குக் குடுத்துரலாங்களா?"

நாலு பேரின் மூச்சுச் சத்தம் காதுக்குள் கேட்டது. "சரிங்க" என்றாள்.

கணினியை அணைத்துவிட்டு, கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள். வீட்டுக்காரர் சசிதர் என்ன ஏது என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள். அரைகுறையாக ஹீல் போட்டிருந்தால் என்றைக்கோ வேலையை மாற்றிவிட்டிருப்பார்கள். ஒழுங்காகச் செய்து, நல்ல கியராகச் சேர்த்ததுதான் குற்றம். கல்யாண வீட்டில் நன்றாகச் சமைக்கிறாள் என்று தெரிந்துவிட்டால் முகூர்த்தம் பார்க்க விடுவார்களா? எல்லாவற்றையும்விட, தன் வாயிலிருந்து வந்த அந்தச் "சரிங்க" மேல்தான் அவளுக்குக் கொலைவெறி வந்தது.

அடுத்த ஞாயிறு கல் அரக்கன். அபிலாஷ் புதுக் கேடயத்தோடு முன்னால் நின்றான். கல் அரக்கன் மூச்சை உள்ளே இழுத்தால் அடுத்து நெருப்பைக் கக்கும். அதற்குள் டாங்க் அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்ப வேண்டும். அபிலாஷுக்கு அது தெரியவில்லை. நெருப்பு ஐந்து பேர் மேலும் விழுந்தது. மூன்று தடவை உள்ளே போனார்கள், மூன்று தடவையும் கூண்டோடு செத்து மறுபடி எழுந்தார்கள்.

"தம்பி, அது மூச்சை இழுக்கறப்ப செவுத்துப் பக்கம் திருப்போணுங்க" என்றாள் ரங்கநாயகி.

"தம்பி பாத்துக்குவாருங்க அக்கா" என்றார் மனோஜ்குமார். "உங்க ஹீல் தானுங்க பத்தலை. அத்தனை கியர் இருந்தும் ஏனுங்க இப்படி ஆகுது?"

அவள் குகையை விட்டு வெளியே வந்து, விளையாட்டின் ஊருக்குள் இருக்கும் கொல்லுலைக்குப் போனாள். வேண்டாத கியர் எதுவானாலும், துணியோ தடியோ, அங்கே உருக்கி இரும்பாக்கிக்கொள்ளலாம். உருக்கினால் உருக்கினதுதான், திரும்பி வராது. முதலில் மோதிரங்களைப் போட்டாள். பிறகு அங்கி. ஒவ்வொன்றுக்கும் 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்று அழுத்தினாள். எட்டு மாதம் காத்திருந்து வாங்கிய கைத்தடி வந்தபோது அழுகை வந்தது. அதையும் அழுத்தினாள். உருகியது இன்னதென்று எல்லார் திரையிலும் வரிசையாக விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா, என்ன பண்ணீட்டிருக்கீங்க?" மனோஜ்குமாரின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது.

உருக்கியதில் கிடைத்த இரும்புக்கு ஒரே ஒரு கேடயம் வார்க்க முடிந்தது. இருப்பதிலேயே மட்டமான ரகம். அதைக் கையில் மாட்டி, பொறுக்கிச் சேர்த்த கவசத்தையும் போட்டுக்கொண்டு குகை வாசலுக்கு வந்தாள்.

"இனிமே நான் டாங்க்குங்க."

"அப்ப ஹீலருக்கு என்னங்க பண்றது?"

"அபிலாஷ் தம்பி பாத்துக்கட்டுங்க. ஒரு பொத்தானை அமுக்குனா மாறிக்கலாமுங்க."

"அவருகிட்ட ஹீலர் கியரே இல்லைங்களே அக்கா."

"ஆமாங்க" என்றாள் ரங்கநாயகி. "இப்ப எங்கிட்டயும் இல்லைங்க."

அவள் தனியாக உள்ளே போனாள். கல் அரக்கனின் நெற்றியில் ஒரு விரிசல் இருந்தது. தாடையில் பாசி படர்ந்திருந்தது. ஒரு கண் மற்றதைவிடச் சின்னது. மூன்று வருஷமாகச் சண்டை போட்ட முகம். அது மூச்சை உள்ளே இழுத்தது. சட்டென்று வலப்பக்கம் ஓடி அதைத் திருப்பினாள். நெருப்பு முழுவதும் சுவரில் போய் விழுந்தது. உயிர் ஏற்ற யாரும் இல்லாததால் ஆறாவது அடியில் செத்தாள்.

"எந்திரிச்சு வாங்க அக்கா, பேசிக்கலாங்க" என்றார் மனோஜ்குமார். குரல் பழையபடி தணிந்திருந்தது. "நீங்க ஹீலுக்கே வந்துருங்க. உங்க கியரைத் திரும்பச் சேத்துறதுக்கு எல்லாருமா ஒத்தாசை பண்றமுங்க. சரிங்களா?"

நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முடியாதுங்க" என்றாள் ரங்கநாயகி.