இளவரசியின் பெயரில் இருந்த ரத்தம்

முகையூர்ப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த சவுரிராயன் அண்ணன், பதினொரு வருஷமாக ஊர் ஊராகப் போய் விரலில் குத்தி ரத்தம் எடுக்கிறார். காய்ச்சலே காட்டாமல் மலேரியாக் கிருமி யார் உடம்பில் தங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் ஆய்வு. திண்டிவனத்தை ஒட்டி நான்கு ஊர்கள்.

"கொசுவுக்கும் கொஞ்சம் மிச்சம் வையேன்யா" என்று பெண்கள் சீண்டுவார்கள்.

"அது சொல்லாம குத்துது. நான் சொல்லிட்டுல்ல குத்தறேன்" என்பார்.

செவ்வாய்க்கிழமை அந்த ஊர்களில் ஒன்றில் இருக்கும் இளவரசியின் ரத்தம் தடவிய கண்ணாடி ஸ்லைடில் கிருமி தெரிந்தது. மூளைவரை போகும் வகை. அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. நான் படித்ததெல்லாம் பயமாக மட்டுமே நினைவுக்கு வந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேன் பிடித்தேன். அண்ணனும் அவள் வீட்டுக்குக் கூடவே வந்தார்.

இளவரசி வாசலிலேயே நின்றாள். "நான் குத்திக்கவே இல்லியேக்கா. மாசமா இருக்கறப்ப ரத்தம் எடுக்கக் கூடாதுன்னு மாமியா திருப்பி அனுப்பிட்டாங்க. அண்ணனையே கேளுங்க."

திரும்பினேன். அவருடைய இடது கை விரல் நுனிகளில் ஊசி குத்திய கறுப்புப் புள்ளிகள்.

"யார் ரத்தம் அண்ணா?"

"என்துதான் மேடம்."

உச்சி வெயிலில் அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே குளிராம். மழையில் நனைந்ததால்தான் என்று நினைத்தாராம்.

"ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"ஒரு வூடு கூட வுடக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக்கினே இருந்தீங்க."

சொன்னேன்தான். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். என் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் என்னைத் தகுதியில்லாதவள் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தைத்தான் அவர் கையில் கொடுத்து அனுப்பினேனா?

"இப்படி மொத்தம் எத்தனை வீட்டுக்கு உங்க ரத்தத்த வச்சீங்க?"

"இந்த மாசம் ஏழு."

ஏழு வீடுகளிலும் யார் உடம்பில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. இளவரசிக்காக அமர்த்திய வேனில் அவரை ஏற்றினேன்.

"அவரு வூடு எங்க வூட்டுக்கு அடுத்த வூடுக்கா" என்றாள் இளவரசி. "அவர கடிச்ச கொசு இங்க வராதா?" விரலை நீட்டினாள். பின்னால் வந்து நின்ற மாமியார் தடுக்கவில்லை.

நானே குத்தினேன். உடனடிப் பரிசோதனை அட்டையில் ஒரு சொட்டு விட்டேன். ஒரு கோடு வந்தால் ஒன்றுமில்லை. இரண்டு வந்தால் இவளும் வேனில் ஏற வேண்டும். இருபது நிமிஷம் ஆகும்.

டிரைவர் ஹாரன் அடித்தார். துண்டைப் போர்த்திக்கொண்டு உள்ளே சுருண்டிருந்த அண்ணன், "இருப்பா, அந்தப் பொண்ணுக்கு என்னன்னு தெரியட்டும்" என்றார்.

முதல் கோடு வந்துவிட்டது. இரண்டாவது கோடு வரக்கூடிய பக்கத்து வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.