குன்சும் அம்மன் கல்லில் ஒட்டாத காசு

அங்ரூப்பைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை ஸ்பிதிப் பள்ளத்தாக்கு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. அதுவும் டிரைவர் வேலையில்! கீ மடத்துக்கும் தங்கர் மடத்துக்கும், குன்சும் கணவாய்க்கு அந்தப் பக்கம் திரிலோக்நாத் கோயிலுக்கும் ஜீப்பில் யாத்ரீகர்களைக் கூட்டிப்போவதுதான் அவன் பிழைப்பு. மடத்தில் ஜெப உருளையைச் சுற்றுவான், கோயிலில் மணியடிப்பான். புத்தரோ சிவனோ, உயிர் தங்கினால் போதும் அவனுக்கு. கூடவே மனைவி பால்மோவும் வருவாள். அவன் ஓட்டுவான், அவள் யாத்ரீகர்களுக்குச் சமைப்பாள்.

அந்தக் கணவாயில்தான் அவன் பயம் தலைக்கேறும். எல்லா வண்டியும் அங்கே அம்மன் கோயிலை வலம் வந்துதான் கீழே இறங்கும். அங்ரூப்புக்கு அது பத்தாது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்திவிட்டு வருவான். அதற்குள் பால்மோ முன்னால் இறங்கிப்போய் வெண்ணெய் விளக்கு ஏற்றியிருப்பாள். அம்மன் கல்லில் ஒரு காசை வைத்து அழுத்துவான். ஒட்டினால் அம்மன் வழிவிட்டாள் என்று அர்த்தம். முதல் வருஷம் ஒரு தடவை ஒட்டவில்லை. குளிரில் விறைத்த யாத்ரீகர்கள் வாயில் வந்தபடி திட்டியும், பொழுது சாயும்வரை வண்டியை எடுக்கவில்லை மகராசன். அதற்கப்புறம் ஒரு தடவைகூட ஒட்டாமல் போனதில்லை. “அம்மாவுக்கு எம்மேல தனிப் பிரியம்டா” என்று மற்ற டிரைவர்களிடம் பீற்றிக்கொள்வான்.

ஒரு வருஷம் கடைசிப் பயணம் முடிந்து அவனும் அவளும் மட்டும் வீடு திரும்பினார்கள். சந்திரா ஆற்றங்கரையில் பால்மோவுக்கு வயிற்றுவலி தொடங்கியது. கணவாய்க்கு வந்துசேரும்போது உடம்பு அனலாகக் கொதித்தது, சீட்டில் சுருண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரி கீழே காஸாவில்தான். பனியும் கொட்ட ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பாதை மூடிவிடும்.

அங்ரூப் ஓடிப்போய்க் காசை அழுத்தினான். விழுந்தது. துடைத்து அழுத்தினான். மறுபடி விழுந்தது. வேறொரு காசு எடுத்தான், அதுவும் நிற்கவில்லை. வண்டிக்கு வந்து கதவைப் பிடித்தபடி அழுதான்.

“அம்மா வழி விடமாட்டேங்குறா புள்ள. கீழ என்னமோ இருக்கு. பள்ளத்துல விழுந்துருவோம். உன்னைக் கொன்னுருவேன் நான்.”

“யோவ், வண்டிய எடு.”

“ஒட்டலியே பால்மோ! இத்தன வருஷமா ஒட்டுச்சே!”

“எப்படிய்யா ஒட்டும்? நான் இன்னிக்கி இறங்கவே இல்லியே.”

“நீ இறங்கலேன்னா என்ன?”

“விளக்கேத்தற சாக்குல வருஷா வருஷம் கல்லுல வெண்ணெய் தடவி வச்சது யாருன்னு நெனச்சே? நீ கிளம்பணுமே!” பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். “உன் அம்மா ஒருநாளும் வழி சொல்லல. இத்தன வருஷமும் நீதான்யா ஓட்டுனே. இன்னிக்கும் ஓட்டு.”

அங்ரூப் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தான். அத்தனை வருஷமும், அத்தனை வளைவிலும், துணைக்கு யாருமே இல்லாமலா வண்டி ஓட்டினான்? நினைக்கவே பயமாக இருந்தது. ஆனால் அவள் கண் செருகிக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான்.

இறங்கிய வழி முழுக்க வாய்விட்டு அழுதான். கண்ணாடியில் பனி அப்பியது, பக்கத்தில் பாதாளம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் “பால்மோ, இருக்கியா?” என்றான். “இருக்கேன், ரோட்டப் பாரு” என்றாள். ஒரு வளைவில் பதில் வரவில்லை. அங்கே அவன் உயிரே போய்விட்டது, ஆனால் வண்டியை நிறுத்தவில்லை.

குடல்வால் வெடிப்பதற்குள் கொண்டுவந்துவிட்டாய் என்றார் டாக்டர். அவள் பிழைத்துக்கொண்டாள்.

அடுத்த கோடையில் பாதை திறந்ததும் முதல் யாத்ரீகர்களோடு கணவாய் ஏறினார்கள். பால்மோ இறங்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பார்க்கறே? போ” என்றான் அங்ரூப். அவன் கை ஸ்டியரிங்கை விடவில்லை. “போய் வெண்ணெய் தடவிட்டு வா. கொஞ்சம் நிறையவே தடவு.”