கன்னியம்மா இல்லாத படம்

தனபாக்கியம் அம்மா இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி போன் செய்தபோது, சென்னைக் கண்காட்சியிலிருந்து திரும்பி வந்த படங்களை வேங்கிக்காலில் என் வீட்டில் பிரித்துக்கொண்டிருந்தேன். காலையில் காபி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். "உங்களுக்கு முதல்ல சொல்லணும்னு தோணுச்சுங்க" என்றார். அந்த மரியாதைக்கு நான் தகுதியில்லாதவன் என்று அவருக்குத் தெரியாது.

அம்மாவை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். நாளிதழ்களுக்காக இந்த ஊரில் பல ஆண்டுகள் படம் எடுத்தவர். அந்நாளில் பொதுக்கூட்டங்களில் கேமராவோடு நின்ற ஒரே பெண். பிலிம் சுருளை உறையில் போட்டு மெட்ராஸ் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புவார். ஒருமுறை பஸ் கிளம்பிவிட, பால் வண்டியில் ஏறிக் கீழ்பென்னாத்தூர் வரை துரத்திப் போய்க் கொடுத்தாராம். படத்தில் இருப்பவரின் பெயரை விசாரித்து எழுதாமல் அவர் இடத்தைவிட்டு நகர்ந்ததில்லை. "பேரு கேக்காம வந்தா அது பாதி படம்தாங்க" என்பார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், செங்கம் சாலையில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, பழைய பத்திரிகைப் படங்களையும் நவீன ஓவியங்களையும் அருகருகே வைத்து ஒரு கண்காட்சி நடத்தினேன். அதற்கென்று அம்மா தன் நெகட்டிவ்களை நம்பிக் கொடுத்தார். அதில் ஒன்று, வறட்சிக் காலத்தில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் பெண்களை மாடியிலிருந்து எடுத்தது. வரிசை வரிசையாகக் குடங்கள். வலது மூலையில் வெயிலில் மயங்கி விழுந்த ஒரு பெண், இன்னொருத்தி மடியில் கிடக்கிறாள். உறையின் மேல், விழுந்தவளின் பெயரும் ஊருமாக, "கன்னியம்மா, அடி அண்ணாமலை" என்று எழுதியிருந்தது.

அச்சிடும்போது அந்த மூலையை நான் வெட்டினேன். மிஞ்சியவை குடங்களின் வாய்களும் நிழல்களும்தான். "வட்டங்கள்" என்று பெயர் வைத்து, வட்டங்களாலேயே ஆன ஓர் ஓவியத்தின் பக்கத்தில் பெரிதாக மாட்டினேன். அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் மறுப்பார் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் அம்மா வந்தார். கூடவே நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். கன்னியம்மாவின் மகள் செல்வி. சிறு வயதிலேயே தாயை இழந்தவர். வீட்டில் தாயின் படம் ஒன்றுகூட இல்லை. காட்டுகிறேன் என்று சொல்லி அம்மா ஆட்டோவில் அழைத்து வந்திருந்தார். செல்வி படத்தின் முன்னால் நின்று ஒவ்வொரு குடமாகப் பார்த்தார். பிறகு, என்னைச் சங்கடப்படுத்த விரும்பாதவர் போல, "கொடமெல்லாம் நல்லா வந்திருக்குதுங்க" என்றார்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "பேப்பர்லயும் வெட்டுவாங்க. அவங்களுக்கு இடம் கம்மி. உங்களுக்கு இவ்ளோ பெரிய செவுரு இருந்துச்சே" என்றார்.

முழுப் படத்தையும் அச்சிட்டுத் தருவதாக இருவரிடமும் சொன்னேன். தரவில்லை. "வட்டங்கள்" எல்லோருக்கும் பிடித்துப்போனது. சென்னைக்குப் போனது, அழைப்பிதழின் அட்டையிலும் வந்தது. அம்மா இரண்டு முறை போன் செய்தார். தனக்காக எதுவும் கேட்கவில்லை. செல்வி விசாரித்தாள் என்று மட்டும் சொன்னார். இரண்டு முறையும் அடுத்த வாரம் என்றேன். மூன்றாவது முறை அழைப்பு வந்தபோது நான் எடுக்கவில்லை.

அவர் இறந்த மறுநாள் மரணச் செய்தியோடு நாளிதழில் ஒரு படம் வந்திருந்தது. நான் ஊரெங்கும் பரப்பிவிட்டிருந்த அதே படம். அவர் எடுத்த படம் என்று கீழே போட்டிருந்தார்கள். அது நான் வெட்டிய படம்.

அன்றே நெகட்டிவை எடுத்துக்கொண்டு போய் முழுதாக அச்சிட்டேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அதை அடி அண்ணாமலைக்கு எடுத்துப் போனேன். செல்வி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். தாயின் முகத்தைப் பார்த்தபடியே, "படம் புடிச்ச அம்மா இத பாத்தாங்களாங்க?" என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னேன்.

இப்போதெல்லாம், எடுத்தவர் வந்து பார்த்து, சரி என்று சொல்லாமல் எந்தப் படத்தையும் நான் மாட்டுவதில்லை. அம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம் ஒன்றுதான். அவர் உயிரோடு இருந்தவரை அது என்னிடம் இல்லை.