தேய்ந்த பின் டயர்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் கணவன் நெடுந்தூர சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்ததிலிருந்து, பயிற்சிக்கென்று தினமும் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தந்தவள் அவள்தான். மகளை அழைத்து வருவது, சமையல் எல்லாம் அவள் தலையில். மலைச்சாலையில் ஓட்டியதாகச் சொல்லிச் சொட்டச் சொட்ட வியர்வையோடு வந்து நிற்பான்.

ஒருநாள் சைக்கிளைத் துடைத்தபோது அவளுக்கு நெருடியது. பின் டயர் மழமழவென்று தேய்ந்திருந்தது. முன் டயரோ வாங்கியபடியே புதிதாக இருந்தது. மலையேறுகிறவன் ஒற்றைச் சக்கரத்திலா ஏறுகிறான்? அந்த ஒரு மணி நேரம் யாருக்குப் போகிறது?

மறுநாள் மாலை, அவன் பயிற்சி நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் சலவைக்கூடத்துக்குப் போனாள். துணி உலர்த்தும் இயந்திரங்களுக்குப் பின்னால், பின்சக்கரம் உருளையில் சுழலும்படி சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி, நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டிருந்தான்.

“இதான் உங்க மலையா?”

அவன் முகம் தொங்கிப்போனது. “முத நாளே ஒரு லாரி உரசுற மாதிரி போச்சு. கை காலெல்லாம் வெலவெலத்துடுச்சு. சொன்னா நீ சிரிப்பே.”

“பந்தயத்தன்னைக்கு மலைய இங்க தூக்கிட்டு வருவாங்களா?”

“நாளையிலிருந்து ரோட்டுல ஓட்டுறேன், சத்தியமா.”

அவள் நம்பவில்லை. மறுநாள் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மலைச்சாலையில் அவனை ஒட்டியே ஸ்கூட்டரில் போனாள். பின்னால் லாரி ஹாரன் அடித்தும், லாரிக்கும் அவனுக்கும் நடுவிலிருந்து அவள் விலகவில்லை.

“என்னை வேவு பாக்குறியா?” என்று திரும்பாமலே கத்தினான்.

“ஆமா. மிதிங்க.”