பேரம் பேசாத பெண்மணி

மஸ்கட்டில், ரூவி கடைத்தெருவில் ஆய்வுக்கூடச் சாமான்கள் விற்கும் கம்பெனியில் கொட்டேஷன் போடுவது என் வேலை. சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம். விசா ஏஜெண்டிடம் ஒருமுறை ஏமாந்த பிறகு அது முற்றிவிட்டது. ரூமில் யாராவது காரணமில்லாமல் டீ வாங்கிக் கொடுத்தால்கூட, இவனுக்கு என்ன வேண்டும் என்று யோசித்துக்கொண்டேதான் குடிப்பேன்.

எங்கள் முதலாளி ராமநாதபுரம் கடற்கரைக்காரர். முன்பின் தெரியாத இடத்திலிருந்து பெரிய ஆர்டர் வந்தால் ஒரு சோதனை வைப்பார். விலையை ஒன்றரை மடங்காக்கி அனுப்பச் சொல்வார். காசு கொடுக்கப்போகிறவன் சண்டைக்கு வருவான். ஏமாற்ற வந்தவன் எந்த விலைக்கும் சரி என்பான், எப்படியும் அவன் கொடுக்கப்போவதில்லையே. இப்படி இரண்டு மோசடிக்காரர்களை அவர் பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன். அதனால் அந்தச் சோதனையில் எனக்கு அவரைவிட நம்பிக்கை அதிகம்.

தான்சானியாவிலிருந்து ஒரு பெண் விஞ்ஞானி மெயில் அனுப்பினார். அவருடைய ஆய்வுக்கூடமும் ஒரு பிரிட்டிஷ் பல்கலைக்கழகமும் சேர்ந்து மலேரியா ஆராய்ச்சி செய்கிறார்களாம். நிதி பிரிட்டனிலிருந்து வருகிறதாம். ரத்த மாதிரிகளை வைக்க மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர் ஒன்று வேண்டும், மார்ச் முடிவதற்குள் வந்து சேர வேண்டும் என்று எழுதியிருந்தார். ஆப்பிரிக்காவில் ஆய்வுக்கூடம், பிரிட்டனில் பணம், ஆர்டர் மட்டும் மஸ்கட்டில். எனக்குப் பொறி தட்டியது. ஒன்றரை மடங்கு விலை போட்டு அனுப்பினேன். இரண்டே நாளில் சம்மதம் என்று பதில் வந்தது.

முதலாளியிடம் காட்டினேன்.

"ஒத்தப் பைசா கொறைக்கச் சொல்லலையா? அப்ப கள்ளக் கூட்டம்தாம்ப்பா. கலாஸ், முடிஞ்சுது, பதில் போடாதே."

அதன் பிறகு அந்த விஞ்ஞானியிடமிருந்து நான்கு மெயில்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் மரியாதை கூடிக்கொண்டே போனது. அதையும் நான் சந்தேகமாகத்தான் படித்தேன்.

மார்ச் முடியப் பத்து நாள் இருக்கும்போது அவரே கடைக்கு வந்து நின்றார். மஸ்கட்டில் அவருக்கு உறவினர்கள் இருக்கிறார்கள். கையில் பல்கலைக்கழகத்தின் கடிதம், திட்ட ஒப்பந்தம் என்று ஒரு கட்டுக் காகிதம். அவர் முன்னாலேயே கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டேன். எல்லாம் உண்மை.

பேச்சுவாக்கில் கேட்பதுபோல, ஏன் விலையைக் குறைக்கச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பணம் என் கையில் இல்லை. ஒவ்வொரு செலவுக்கும் அங்கே அனுமதி வாங்க வேண்டும். உங்கள் விலை பட்ஜெட்டுக்குள் இருந்தது, அப்படியே அனுப்பினேன். ஒரே கம்பெனியிடமிருந்து இரண்டு விலை போனால், நடுவில் நான் கமிஷன் அடிக்கிறேனா என்று விசாரிப்பார்கள்" என்றார்.

கப்பலில் அனுப்ப மூன்று வாரம் ஆகும். விமானத்தில் அனுப்பும் செலவுக்குத் திட்டத்தில் இடமில்லை. மார்ச்சுக்குப் பிறகு அந்தப் பணம் திரும்பப் போய்விடும். ஃப்ரீசர் இல்லையென்றால் மாதிரிகளை இங்கிலாந்துக்கே அனுப்பிவிட வேண்டுமாம்.

"எங்கள் ஊர்க் குழந்தைகளின் ரத்தம். அது அங்கே போய்விட்டால் ஆராய்ச்சியும் அங்கேதான் நடக்கும். பார்ப்பதற்கு நான் அனுமதி கேட்க வேண்டும்" என்றார். குரல் உயரவில்லை.

தன் மெயில்களுக்கு ஏன் பதில் வரவில்லை என்று கடைசியில் கேட்டார்.

"எங்க மெயில் சர்வர் ஒரு மாசமா ரிப்பேர் மேடம்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். முதலாளி போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கள் ஆய்வுக்கூடத்திலும் அடிக்கடி அப்படித்தான்" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். உண்மையிலேயே நம்பினாரா, பெருந்தன்மையாக விட்டுவிட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாதிரிகள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. ஏப்ரல் கடைசியில் பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவிலிருந்து எனக்கு ஒரு மெயில். தாமதத்துக்கு உங்கள் சர்வர் பழுது காரணம் என்று அவர் அறிக்கையில் எழுதியிருக்கிறார், அது உண்மையா, அடுத்த வருட நிதி இதைப் பொறுத்தது என்று கேட்டிருந்தார்கள்.

உண்மைதான் என்று உடனே எழுதினேன். மறுநாள் சர்வர் ரிப்பேர் செய்த பில்லை அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது.

"நடந்ததை எழுதிடட்டுமா மொதலாளி?"

"ஒன்றரை மடங்கு போட்டோம்னு எழுதுவியா? கம்பெனி பேரு நாறிடும். உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

வேலை எனக்கு வேண்டியிருந்தது. நான் பதில் எழுதவில்லை. என் பொய்யை நம்பி எழுதியதற்காக அவரை அங்கே பொய்க்காரி என்று முடிவு கட்டியிருப்பார்கள். அவருக்கு நிதி கிடைத்ததா என்று நான் எந்த முகத்தோடு கேட்பது.