சன்ரூஃபுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் காருக்குக் கூரை முழுக்கக் கண்ணாடி, அதாவது பெரிய சன்ரூஃப். மேடுபள்ளத்தில் போனால் தலைக்கு மேல் 'கிறீச் கிறீச்' என்று ஒரு சத்தம். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஒரு ஞாயிறு, சூளகிரி பக்கம் கணவரை மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டு, பின்சீட்டில் உட்கார்ந்து கூரையின் ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். இடது மூலையை அழுத்தியதும் சத்தம் நின்றது.

"கண்டுபிடிச்சிட்டேங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அங்கிருந்த ரப்பருக்கும், கண்ணாடி நகரும் பள்ளத்துக்கும் தேங்காய் எண்ணெய் தடவினேன். சத்தம் அடியோடு போய்விட்டது.

பத்து நாள் கழித்து, கண் ஆபரேஷன் முடிந்த மாமியாரை மறுபரிசோதனைக்காகக் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப் போனோம். காற்றுக்காகக் கூரைக் கண்ணாடியைத் திறந்திருந்தோம். மழை விழவும் பொத்தானை அழுத்தினேன். கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்டது.

"கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு சொன்னாங்களேம்மா" என்று மாமியார் பதறினார். என் துப்பட்டாவை அவர் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தேன். நல்லவேளையாக, எதிரிலேயே ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. கணவர் அதன் கூரைக்குள் வண்டியை விட்டார். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் வண்டியைப் பார்த்த மெக்கானிக், கண்ணாடி நகரும் பள்ளத்திலிருந்து கறுப்புப் பசையை வழித்துக் காட்டினார். "எல்லாம் இந்தப் பக்கத்துக் குவாரிங்கள்ல இருந்து வர்ற கிரானைட் தூசி, அக்கா. சத்தம் வந்ததே அதாலதான். எண்ணெயில ஒட்டி இறுகிருச்சு. எண்ணெய் ரப்பரையும் கெடுத்துரும்."

இப்போது மாதம் ஒருமுறை ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, காய்ந்ததும் ரப்பருக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸைக் கொஞ்சமாகத் தடவுகிறேன். சத்தம் நின்றதும் கோளாறு தீர்ந்தது என்று விட்டுவிடுவதில்லை. அது ஏன் வந்தது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.